சார்ஜ் மிச்சம் இருக்கும்போதே செல்போன் டவர் அணைவது ஏன்? பேட்டரியைக் காப்பாற்றும் ‘எல்விடி’ பற்றித் தெரிஞ்சுக்கலாம்!

புயலை நேரில் பார்த்தவர்கள் இதைக் கவனித்திருப்பீர்கள். காற்று பேயாட்டம் போடும்போது போன் வேலை செய்யும். ‘பத்திரமா இருக்கோம்’ என்று ஊருக்குத் தகவல்கூடச் சொல்லிவிடலாம். காற்று அடங்கிய பிறகுதான், அதாவது உதவி கேட்டு யாரையாவது கூப்பிட வேண்டிய நேரத்தில்தான், சிக்னல் மொத்தமாகப் போகும். தெருமுனை டவரோ ஒரு கீறல்கூட இல்லாமல் நிமிர்ந்து நிற்கும்.

2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினம் - வேதாரண்யம் இடையே கரையைக் கடந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. டெல்டா கிராமங்கள் பலவற்றில் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. டவர் சாய்வதும், ஃபைபர் கேபிள் அறுபடுவதும் உண்டுதான். ஆனால் நிமிர்ந்து நிற்கிற டவர் சில மணி நேரம் கழித்து அணைகிறது என்றால் முதல் சந்தேகம் கரண்ட் மேல்தான் விழ வேண்டும்.

இதில் ஆச்சரியமான விஷயம் ஒன்று இருக்கு. அந்த டவர் அணைந்த நொடியில் அதன் பேட்டரி முழுசாகக் காலியாகி இருக்காது. கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே ஒரு சுவிட்ச் வேண்டுமென்றே இணைப்பைத் துண்டித்திருக்கும். அதன் பெயர் ‘லோ வோல்டேஜ் டிஸ்கனெக்ட்’. சுருக்கமாக எல்விடி. ஊரே இருட்டில் கிடக்கும்போது மிச்சம் இருக்கும் சார்ஜை ஏன் பூட்டி வைக்கணும்? கோபம் வரக்கூடிய கேள்விதான். ஆனால் பதில் இருக்கு.

டவருக்குக் கரண்ட் எங்கிருந்து வருது?

டவர் அடியில் ஒரு இரும்பு கேபினட்டோ சின்ன அறையோ இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மின்வாரியத்தின் ஏசி கரண்ட் முதலில் அங்கே இருக்கும் ரெக்டிஃபையருக்குப் போகும். அது ஏசியை டிசியாக மாற்றும். டவரில் இருக்கிற ரேடியோ கருவிகள் எல்லாமே 48 வோல்ட் டிசியில் ஓடுபவை. சரியாகச் சொன்னால் மைனஸ் 48 வோல்ட். பழைய டெலிபோன் காலத்திலேயே, நிலத்துக்கடியில் போகும் செம்புக் கம்பிகள் அரிக்காமல் இருப்பதற்காக பாசிட்டிவ் பக்கத்தை எர்த் செய்தார்கள். அந்தப் பழக்கம் 5ஜி வரைக்கும் மாறாமல் வந்திருக்கு.

பேட்டரி இதே டிசி லைனில் நேரடியாகவே இணைக்கப்பட்டிருக்கும். நம்ம வீட்டு இன்வெர்ட்டர் மாதிரி ‘கரண்ட் போச்சு, பேட்டரிக்கு மாறு’ என்ற வேலையே கிடையாது. ஈபி கரண்ட் இருக்கும்வரை ரெக்டிஃபையர் சுமார் 54 வோல்ட் கொடுத்து கருவிகளையும் ஓட்டும், பேட்டரியையும் நிறைவாக வைத்திருக்கும். கரண்ட் போனால் அந்த நொடியே சுமை பேட்டரி மேல் விழும். இடையில் ஒரு மில்லி செகண்ட்கூட இடைவெளி இல்லை. பேசிக்கொண்டிருக்கும் உங்களுக்கு எதுவும் தெரியாது.

பேட்டரி பெரும்பாலும் லெட் ஆசிட் வகை, தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத சீல் செய்யப்பட்ட ரகம். ஒவ்வொன்றும் 2 வோல்ட் கொண்ட 24 செல்கள் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கும். பேட்டரி இறங்க இறங்க, டீசல் ஜெனரேட்டர் உள்ள இடங்களில் அது தானாகவோ ஆள் வந்தோ ஸ்டார்ட் ஆகும். ரோடெல்லாம் மரம் விழுந்து, டீசல் வண்டி வர முடியாத நாளில் பேட்டரி மட்டும்தான் துணை.

ஒரு கணக்கு போடலாம். ஒரு டவரின் சுமை 3,000 வாட், பேட்டரி 300 ஆம்பியர் ஹவர் என்று வைத்துக்கொள்வோம். 48 வோல்ட்டில் அது 62 ஆம்பியர் போல இழுக்கும். பேப்பரில் 300ஐ 62ஆல் வகுத்தால் ஐந்து மணி நேரத்துக்கு நெருக்கமாக வரும். நிஜத்தில் வராது. 300 ஆம்பியர் ஹவர் என்பது பத்து மணி நேரத்தில் நிதானமாக இழுத்தால் கிடைக்கிற அளவு. வேகமாக இழுத்தால் லெட் ஆசிட் பேட்டரி குறைவாகத்தான் கொடுக்கும். புது பேட்டரியே நான்கு மணி நேரம்தான். திறன் 80 சதவீதத்துக்கு இறங்கிவிட்டால் பேட்டரியின் ஆயுள் முடிந்தது என்பது இந்தத் துறையின் கணக்கு. அப்படிப்பட்ட பேட்டரியில் மூணு மணி நேரத்தைத் தொட்டாலே பெரிசு.

இன்னொன்றும் நடக்கும். ரேடியோ கருவிகளுக்குத் தேவை வாட்தான். வோல்டேஜ் இறங்கினால் அந்த வாட்டை ஈடுகட்ட அவை அதிக ஆம்பியர் இழுக்கும். 54 வோல்ட்டில் 56 ஆம்பியர் இழுத்த அதே டவர், 43 வோல்ட் வரும்போது கிட்டத்தட்ட 70 ஆம்பியர் இழுக்கும். களைத்துப்போன பேட்டரி மேல்தான் கூடுதல் பாரம் ஏறுது. அதனால்தான் கடைசிக் கட்டத்தில் வோல்டேஜ் மலைச்சரிவு மாதிரி விழுகிறது.

கடைசிச் சொட்டு வரை ஏன் உறிஞ்சக் கூடாது?

லெட் ஆசிட் பேட்டரி கரண்ட் கொடுக்கும்போது அதன் ஈயத் தகடுகள் மேல் லெட் சல்ஃபேட் படியும். இது இயல்பான வேதிவினை. உடனே சார்ஜ் ஏற்றினால் அந்தப் படிவு கரைந்து பழைய நிலைக்கு வந்துவிடும். ஆழமாக இறக்கி அப்படியே விட்டுவிட்டால், மென்மையாக இருந்த அந்தச் சல்ஃபேட் பெரிய பெரிய படிகங்களாக இறுகிவிடும். அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் முழுசாகக் கரையாது. அந்த அளவுக்குப் பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகப் போய்விடும். மெக்கானிக்குகள் ‘சல்ஃபேட் ஆயிடுச்சு’ என்று சொல்வது இதைத்தான்.

இரண்டாவது பிரச்னை கொஞ்சம் மோசமானது. பேட்டரியில் உள்ள ஆசிட்டும் இந்த வினையில் பங்கெடுக்கிறது. ஆழமாக இறங்கினால் ஆசிட் நீர்த்துப்போய் கிட்டத்தட்ட வெறும் தண்ணீராகிவிடும். ஆசிட்டில் எளிதில் கரையாத லெட் சல்ஃபேட், அந்தத் தண்ணீரில் கரையும். பிறகு சார்ஜ் ஏற்றும்போது தகடுகளுக்கு நடுவில் இருக்கும் தடுப்புக்குள்ளேயே ஈயம் ஊசி ஊசியாக வளர்ந்து இரண்டு தகடுகளையும் தொட்டுவிடலாம். அதோடு அந்தச் செல் ஷார்ட்.

மூன்றாவதுதான் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத ஆபத்து. வரிசையில் உள்ள 24 செல்களும் ஒரே தெம்பில் இருக்காது. பலவீனமான ஒன்று முதலில் காலியாகும். மற்ற 23ம் இன்னும் கரண்ட் தள்ளிக்கொண்டே இருப்பதால், காலியான செல்லுக்குள் கரண்ட் வலுக்கட்டாயமாகப் பாயும். அதன் பாசிட்டிவ் நெகட்டிவ் தலைகீழாக மாறும். அப்படி ஒரு முறை புரண்ட செல் பெரும்பாலும் தேறாது.

எல்விடி என்ன செய்யுது?

சொல்லப்போனால் எளிமையான கருவி. பேட்டரிக்கும் கருவிகளுக்கும் நடுவில் ஒரு பெரிய கான்டாக்டர், அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச். ஒரு கன்ட்ரோலர் வோல்டேஜைப் பார்த்துக்கொண்டே இருக்கும். குறித்து வைத்த அளவுக்குக் கீழே இறங்கியதும் ‘டக்’ என்று கான்டாக்டர் திறக்கும். டவர் அணையும், பேட்டரி பிழைக்கும்.

எந்த வோல்டேஜில் துண்டிக்கணும் என்பதில்தான் விஷயம் இருக்கு. பத்து மணி நேரக் கணக்கில் இழுக்கப்படும் பேட்டரிக்கு ஒரு செல்லுக்கு 1.80 வோல்ட் என்பது பரவலான எல்லை. 24ஆல் பெருக்கினால் 43.2 வோல்ட். 1.75 வரை விடுபவர்களுக்கு அது 42 வோல்ட். 1.85இலேயே நிறுத்துபவர்களுக்கு 44.4.

43.2 வோல்ட்டில் துண்டித்தால் உண்மையில் நாம் எவ்வளவு இழக்கிறோம்? அந்தப் புள்ளியில் பேட்டரி தன் கொள்ளளவு மொத்தத்தையும் ஏறக்குறைய கொடுத்து முடித்திருக்கும். அதற்குக் கீழே வோல்டேஜ் செங்குத்தாக விழும். துண்டிக்காமல் விட்டிருந்தால் டவர் கூடுதலாகச் சில நிமிடங்கள் ஓடியிருக்கும், அவ்வளவுதான். அந்தச் சில நிமிடங்களுக்காக அடுத்த பல மாதங்களுக்கு வேண்டிய பேட்டரியைப் பணயம் வைக்கிறோம். முதலில் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். எல்விடி பூட்டி வைப்பது பெரிய புதையல் ஒன்றும் இல்லை.

ஆனால் ஒரே எண்ணை எல்லா டவருக்கும் போட்டுவிட முடியாது. சுமை குறைவான, பேட்டரி பெரிதான இடத்தில் கதை மாறும். கரண்டை மெதுவாக இழுத்தால் வோல்டேஜ் கடைசி வரை உயரமாகவே நிற்கும். அது 43.2க்கு வரும் நேரத்தில், ஏட்டில் எழுதியிருக்கும் கொள்ளளவைவிட அதிகமாகவே உறிஞ்சப்பட்டிருக்கும். அப்படிப்பட்ட டவர்களில் எல்லையை 45 வோல்ட் போல உயர்த்தி வைக்கணும். ‘சுமை குறைவுதானே, ரொம்ப நேரம் ஓடட்டும்’ என்று எல்லையைத் தாழ்த்தி வைப்பது நேர் எதிரான முடிவு. பார்க்க நியாயமாகத் தெரிவதால் பலரும் சறுக்கும் இடம் இது.

தலைகீழாகப் புரளும் செல் பற்றிச் சொன்னோமே, எல்விடி அதைக் கண்டுபிடிக்காது. அதற்குத் தெரிவது 24 செல்களின் கூட்டுத்தொகை மட்டும். 23 செல்கள் ஆளுக்கு 1.9 வோல்ட்டில் நல்லபடியாக இருந்து, ஒன்று மட்டும் புரண்டு மைனஸ் அரை வோல்ட்டில் கிடந்தாலும் மொத்தம் 43.2 என்றுதான் காட்டும். ‘எல்லாமே சராசரியாக 1.8’ என்று கன்ட்ரோலர் நினைத்துக்கொள்ளும். இதனால்தான் நல்ல அமைப்புகளில் வரிசையின் நடுப்புள்ளியிலும் ஒரு கம்பி எடுத்து, மேல் பன்னிரண்டையும் கீழ்ப் பன்னிரண்டையும் ஒப்பிடுவார்கள். இரண்டும் விலகினால் எங்கேயோ ஒரு செல் படுத்துவிட்டது என்று அர்த்தம்.

முதலில் எதை அணைப்பது?

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அணைக்க வேண்டிய அவசியம் இல்லை. பெரும்பாலான டெலிகாம் பவர் சிஸ்டங்களில் இரண்டு கட்டமாகத் துண்டிக்க வசதி உண்டு. முதல் கட்டத்தில், அதாவது 46, 47 வோல்ட் வரும்போது, அதிகம் இழுக்கிற ஆனால் இப்போதைக்கு இல்லாவிட்டாலும் சமாளிக்கக்கூடிய கருவிகள் அணையும். வேகமான டேட்டா கொடுக்கும் கூடுதல் பேண்ட்களை இதில் சேர்க்கலாம். ரீல்ஸ் போகும், போன்கால் நிற்கும். இரண்டாம் கட்டத்தில்தான் பேட்டரியே கழற்றப்படும்.

கடைசி வரை உயிரோடு வைத்திருக்க வேண்டியது எது என்று கேட்டால் ரேடியோ என்று பதில் வரும். பல இடங்களில் அது தவறு. ஒரு டவரில் இருந்து மைக்ரோவேவ் தட்டு வழியாகவோ ஃபைபர் வழியாகவோ பக்கத்து ஊர்களின் நாலைந்து டவர்களுக்கு இணைப்பு போகும். இந்த நடு டவரின் டிரான்ஸ்மிஷன் கருவி அணைந்தால், அந்த நாலைந்திலும் பேட்டரி நிறைய இருந்தும் பிரயோஜனம் இல்லை. இந்தக் கருவி இழுக்கும் கரண்டோ ரேடியோக்களோடு ஒப்பிட்டால் கொஞ்சம்தான். ரேடியோவை முன்னதாக அணைத்துவிட்டால் அதே பேட்டரியில் டிரான்ஸ்மிஷனைப் பல மணி நேரம் கூடுதலாக ஓட்டலாம். அந்த ஊரில் சிக்னல் போகும், அக்கம்பக்கத்து ஊர்களில் நிற்கும். யாருக்கு சிக்னல், யாருக்கு இல்லை என்பதை ஒருவகையில் இந்த வயரிங்தான் முடிவு செய்கிறது. இதைப் புயலுக்கு முன்பே யோசித்து வைக்காவிட்டால் புயல் அன்றைக்குச் செய்ய ஒன்றுமே இருக்காது.

துண்டித்த பிறகு என்ன நடக்கும்?

வீட்டில் இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தந்திரம் தெரியும். ‘லோ பேட்டரி’ என்று கத்தி அணைந்த இன்வெர்ட்டரை ஆஃப் செய்து ஆன் செய்தால் மறுபடியும் கொஞ்ச நேரம் ஃபேன் ஓடும். சுமை இறங்கியதும் பேட்டரி வோல்டேஜ் தானாக மேலே ஏறுவதால்தான் இது சாத்தியம். புதுசாகச் சார்ஜ் எதுவும் வந்துவிடவில்லை.

டவரிலும் இதேதான். 43 வோல்ட்டில் துண்டித்ததும் பேட்டரி 47, 48 என்று எழும்பும். ‘வோல்டேஜ் சரியாயிடுச்சே’ என்று கன்ட்ரோலர் மறுபடி இணைத்தால் உடனே சரியும், மறுபடி துண்டிக்கும், மறுபடி இணைக்கும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை ரேடியோக்கள் அணைந்து அணைந்து எரியும், கான்டாக்டரும் கருகும். எனவே மீண்டும் இணைக்கும் எல்லையை உயரமாக, 50 வோல்ட்டுக்கு மேலே வைப்பார்கள். ஈபி கரண்டோ ஜெனரேட்டரோ வந்து ரெக்டிஃபையர் ஓடினால் மட்டுமே அந்த உயரத்தை எட்ட முடியும்.

துண்டித்துவிட்டோம், பேட்டரி பத்திரம் என்று இருந்துவிடவும் முடியாது. ஏற்கெனவே இறங்கிய பேட்டரி நாள்கணக்கில் அப்படியே கிடந்தால் சல்ஃபேட் இறுகத்தான் செய்யும். அதோடு கன்ட்ரோலர், அலாரம் மோடம், சில இடங்களில் டவர் உச்சியில் எரியும் சிவப்பு விளக்கு போன்றவை கான்டாக்டருக்கு முன்னாடியே இணைக்கப்பட்டிருந்தால், அவை சொட்டுச் சொட்டாகப் பேட்டரியைக் குடித்துக்கொண்டே இருக்கும். ஒரு ஆம்பியர்கூடத் தேவையில்லை. பத்து நாள் போதும்.

புயலுக்குப் பிந்தைய நாட்களின் பெரிய தலைவலி வேறொன்று. கரண்ட் ஒரேயடியாகத் திரும்பி வருவதில்லை. இரண்டு மணி நேரம் வரும், போகும். பேட்டரிக்கு ஏற்றும் கரண்டை அதன் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில் கட்டுப்படுத்துவது வழக்கம். 300 ஆம்பியர் ஹவர் பேட்டரிக்கு 30 ஆம்பியர். இரண்டு மணி நேரத்தில் ஏறுவது 60 ஆம்பியர் ஹவர், ஐந்தில் ஒரு பங்கு. நாம் மேலே பார்த்த டவருக்கு அது ஒரு மணி நேரத்துக்குக்கூடத் தாங்காது. ‘கரண்ட் வந்துச்சே, இன்னும் ஏன் சிக்னல் நிக்க மாட்டேங்குது?’ என்ற கேள்விக்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கு. முதல் நாளே பேட்டரியை அடிமட்டம் வரை உறிஞ்சிவிட்டிருந்தால் இந்த ஒரு மணி நேரமும் கிடைக்காது. எல்விடியின் பலன் முதல் இரவில் தெரிவதைவிட நாலாவது, ஐந்தாவது நாளில்தான் அதிகம் தெரியும்.

‘இன்னும் அரை மணி நேரம் ஓடட்டுமே’

எல்விடியை ஏமாற்றுவது கஷ்டமே இல்லை. கான்டாக்டரின் இரண்டு முனைக்கும் நடுவில் ஒரு கேபிளைப் போட்டால் முடிந்தது. அல்லது கன்ட்ரோலர் மெனுவில் எல்லையை 40க்கு இறக்கலாம். சிக்னல் போச்சு என்று மேலிடத்திலிருந்து போன் மேல் போன் வரும்போது களத்தில் நிற்கும் டெக்னீஷியன் இப்படிச் செய்தால் அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த கேபிளை யாரும் திரும்ப வந்து கழற்றுவதில்லை. அடுத்த கரண்ட் கட்டில் பேட்டரி பாதாளம் வரை இறங்கும், அதற்கடுத்த கட்டில் பத்து நிமிடம்கூடத் தாங்காது. ஏன் என்று யாருக்கும் புரியாது.

இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கு என்பதைச் சொல்லியாக வேண்டும். பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளில் பெரும்பாலும் எல்விடியே வைக்க மாட்டார்கள். பேட்டரி செத்தால் வேறு வாங்கிக்கொள்ளலாம், ஆம்புலன்ஸை அழைக்கிற கால் துண்டிக்கக் கூடாது என்பது அவர்களின் கொள்கை. சுவிட்ச் என்று ஒன்று இருந்தால் அதுவும் பழுதாகும் என்ற பயமும் நியாயமானது. கன்ட்ரோலர் கெட்டுப்போனதும் தானாகத் திறந்துகொள்ளும் ரகக் கான்டாக்டராக இருந்தால், நிறைந்த பேட்டரியை வைத்துக்கொண்டே டவர் அணையும். எக்ஸ்சேஞ்சில் இருபத்து நாலு மணி நேரமும் ஆள் இருந்தது, ஜெனரேட்டர் இருந்தது, வரிசை வரிசையாகப் பேட்டரி இருந்தது. அங்கே அந்தக் கொள்கை செல்லும். ஆளே இல்லாமல், வயல் நடுவில், ஒரே ஒரு பேட்டரி வரிசையோடு நிற்கும் டவருக்கு அது பொருந்தாது என்றே தோன்றுகிறது.

ஆள் இருந்தும் கவனிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பிரபலமான உதாரணம் இருக்கு. 1991 செப்டம்பர் 17. நியூயார்க்கில் ஏடி அண்ட் டி நிறுவனத்தின் தாமஸ் தெரு எக்ஸ்சேஞ்ச். கடும் வெயில் நாள் என்பதால், மின் நிறுவனத்தோடு செய்திருந்த ஏற்பாட்டின்படி கட்டடத்தைச் சொந்த ஜெனரேட்டருக்கு மாற்றினார்கள். அந்த மாற்றத்தில் ரெக்டிஃபையர்கள் நின்றுவிட்டன. முழுச் சுமையும் பேட்டரிக்கு வந்தது. அலாரம் அடித்தது, யாரும் பார்க்கவில்லை. சுமார் ஆறு மணி நேரம் கழித்து பேட்டரி தீர்ந்ததும் எக்ஸ்சேஞ்ச் விழுந்தது. கென்னடி, லகார்டியா, நெவார்க் என மூன்று விமான நிலையங்களின் கட்டுப்பாட்டுத் தொடர்பு துண்டிக்கப்பட்டு விமானங்கள் முடங்கின. அலாரத்தைக் கவனித்திருக்க வேண்டிய ஊழியர்கள் அப்போது எங்கே இருந்தார்கள் தெரியுமா? புதிய அலார அமைப்பு பற்றிய பயிற்சி வகுப்பில்!

பேட்டரி ஓடத் தொடங்கியதும் வருகிற முதல் அலாரம்தான் உண்மையான பாதுகாப்பு. எல்விடி என்பது அந்த அலாரத்தை யாரும் கண்டுகொள்ளாதபோது கடைசியாக விழும் பூட்டு.

லித்தியம் பேட்டரி வந்தால் எல்லாம் சரியாகிடுமா?

புதிய டவர்களில் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரிகள் வேகமாக நுழைந்துவருகின்றன. எடை குறைவு, தினமும் ஏற்றி இறக்கினாலும் பல வருடம் தாங்கும், அரைகுறையாகச் சார்ஜ் ஆகிக் கிடந்தாலும் சல்ஃபேட் பிரச்னை இல்லை. கரண்ட் வந்து வந்து போகிற ஊர்களுக்கு இது நல்ல மாற்றம்தான்.

ஆனால் ஆழமாக இறங்கினால் இதுவும் சாகும், வேறு விதத்தில். செல்லுக்குள் இருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்கி, பிறகு சார்ஜ் ஏற்றும்போது கண்ட இடத்தில் படிந்து உள்ளுக்குள் ஷார்ட் ஆகலாம். அதனால் ஒவ்வொரு லித்தியம் பேட்டரியிலும் பிஎம்எஸ் என்ற காவல்காரன் உண்டு. லெட் ஆசிட்டின் எல்விடி போலக் கூட்டுத்தொகையை மட்டும் பார்க்காமல் இது ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகப் பார்க்கும். ஏதாவது ஒன்று 2.5 வோல்ட் போலத் தொட்டாலே மொத்தத்தையும் நிறுத்திவிடும்.

சிக்கல் என்னவென்றால் லித்தியத்தின் வோல்டேஜ் கடைசி வரை அசையாமல் நின்று, முடிவில் திடீரென விழும். பழைய பழக்கத்தில் வோல்டேஜை வைத்து ‘இன்னும் எவ்வளவு நேரம்’ என்று ஊகிக்க முடியாது. உள்ளே போன, வெளியே வந்த ஆம்பியரை எண்ணிக்கொண்டே இருந்தால்தான் தெரியும். லெட் ஆசிட்டைக் கழற்றி லித்தியத்தை மாட்டிவிட்டு, கன்ட்ரோலரில் பழைய 43.2 எண்ணை அப்படியே விட்டுவைத்தால் முதல் கட்ட, இரண்டாம் கட்டத் துண்டிப்பெல்லாம் வேலை செய்யும் முன்பே பிஎம்எஸ் முந்திக்கொண்டு எல்லாவற்றையும் அணைத்துவிடலாம். டிரான்ஸ்மிஷனைக் காப்பாற்றப் போட்ட திட்டம் வீண்.

டவர் எத்தனை மணி நேரம் தாங்கணும்?

பேட்டரியை எவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொண்டாலும், போதுமான அளவு வைத்திருக்கணுமே? 2011 மார்ச் 11 ஜப்பான் நிலநடுக்கத்தின்போது, அன்றைக்கு விட அடுத்த நாள்தான் அதிகமான டவர்கள் முடங்கின. அதிர்ச்சியைத் தாங்கியவை பேட்டரி தீர்ந்து அணைந்தன. அமெரிக்காவில் 2005 கத்ரீனா புயலுக்குப் பிறகு, ஒவ்வொரு செல் டவருக்கும் 8 மணி நேர பேக்கப் கட்டாயம் என்று அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையம் 2007இல் விதி போட்டது. நிறுவனங்கள் வழக்குக்குப் போக, அரசின் இன்னொரு பிரிவே ஒப்புதல் தராததால் அது நடைமுறைக்கு வரவில்லை. காட்டுத்தீயில் அடிபட்ட கலிஃபோர்னியா மட்டும் 2020இல், தீ அபாயம் அதிகமான பகுதிகளுக்கு 72 மணி நேரம் என்று உத்தரவிட்டது. வெறும் பேட்டரியால் 72 மணி நேரம் என்பது பெரும்பாலான டவர்களில் நடக்காத காரியம். ஜெனரேட்டர் வேண்டும், அதற்கு எரிபொருள் போய்ச் சேர வழி வேண்டும்.

நம்ம ஊரில் புயல் நேரத்தில் அரசு சொன்னால் ‘இன்ட்ரா சர்க்கிள் ரோமிங்’ திறந்துவிடப்படும். உங்கள் கம்பெனி டவர் அணைந்திருந்தாலும், பக்கத்தில் உயிரோடு இருக்கும் வேறு கம்பெனி டவரில் உங்கள் போன் ஏறிக்கொள்ளலாம். தானாக மாறாவிட்டால் போன் செட்டிங்ஸில் நெட்வொர்க்கை ‘ஆட்டோமேட்டிக்’கில் இருந்து எடுத்து, நீங்களே வேறொன்றைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். சுத்தமாக சிக்னல் இல்லையென்றால் ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டு அவ்வப்போது திறந்து பாருங்கள். டவரைத் தேடித் தேடியே போன் பேட்டரி தீர்ந்துவிடும்.

வீட்டு இன்வெர்ட்டருக்கும் இதே விதிதான். 12 வோல்ட் பேட்டரியில் ஆறு செல், செல்லுக்கு 1.75 என்றால் 10.5 வோல்ட். அந்த இடத்தில்தான் அது கத்தி அணைகிறது. ஆஃப் செய்து ஆன் செய்யும் தந்திரத்தை அடுத்த முறை தவிர்த்துவிடுங்கள். கரண்ட் வந்ததும் முதல் வேலையாக பேட்டரி முழுசாக ஏறவிடுங்கள், தண்ணீர் ஊற்றும் ரகமாக இருந்தால் சார்ஜ் ஏறி முடிந்த பிறகு அளவைப் பாருங்கள். ஊருக்குப் போகும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகிறவர்கள் இன்வெர்ட்டரையும் அதன் சுவிட்சில் அணைத்துவிட்டுப் போவது நல்லது. மாதக்கணக்கில் என்றால் பேட்டரி ஒயர் ஒன்றையும் எலக்ட்ரீஷியனை வைத்துக் கழற்றிவிடச் சொல்லுங்கள்.